முறைக்காமல் பார்ப்பது

இந்த வயதில் யாராவது ஓய்வு பெறுவார்களா என்று நீங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். தலைமுடிகூட இன்னும் பாதிதான் நரைத்திருக்கிறது. ஆனால் சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் மணமேடையில் நகையைப் பார்க்கிறார்கள், புடவையைப் பார்க்கிறார்கள். நான் மாப்பிள்ளையின் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமனார் பக்கத்தில் வந்து நின்றதும் அது ஒருமுறை ஏறி இறங்கியது. பெண்ணின் கால் கட்டைவிரல் மேடை விரிப்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேரின் மூச்சைக் கவனித்தபடி சாப்பிட மறந்து நிற்கிறேன். கடையை மூடினாலும் கண்ணை மூட முடியாத நிலைக்கு இந்த வேலை என்னைக் கொண்டுவந்துவிட்டது. அதனால்தான் போகிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். எனக்கு எங்கேயும் கால் தரித்ததில்லை. கணவன் மனைவிக்கு ஆலோசனை சொல்லும் இந்த அறையில் இத்தனை வருடம் இருந்ததே என் குடும்பத்தாருக்கு ஆச்சரியம்.

இனி அறை உங்களுடையது. எந்தக் கேள்வியை எப்போது கேட்பது, எதை எப்படிக் குறித்துவைப்பது எல்லாம் நீங்கள் படித்து வந்தவை. அவற்றில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நீங்கள். நான் சொல்ல நினைப்பது ஒரு மதியத்தைப் பற்றி. அதற்கு முன் நம் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே பிரியாணிக் கடை, மேலே நாம். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டையின் ஒரு பக்கப் பாறை. மாடிப்படி ஏறும் இடத்தில் 'தம்பதியர் ஆலோசனை மையம்' என்று போர்டு வைத்த நாளிலிருந்து இந்த ஊர் அதைச் சரியாகப் படித்ததே இல்லை. நம் பக்கத்தில் 'தம்பதி' என்ற சொல் போர்டில் ஏறிவிட்டால் அது குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி. வேறு அர்த்தமே கிடையாது. "ஸ்கேன் எத்தன மணிக்கு எடுப்பாக?" என்று கேட்டுக்கொண்டு ஏறி வந்தவர்கள் ஏராளம். "இங்கே பேச்சு மட்டும்தாம்மா" என்றால், "வெறும் பேச்சுல எப்பிடிம்மா புள்ள பொறக்கும்?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். போர்டை மாற்றச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். மாற்றவில்லை. சண்டைக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்ல முடியாதவர்கள், பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்கள். போர்டின் பிழை அவர்களுக்கு ஒரு குடையாக இருந்தது.

அந்தக் குடைக்குள் வந்தவர்கள்தான் சுகந்தியும் செல்வக்குமாரும். இரண்டும் நான் வைத்த பெயர்கள்.

சுகந்திக்கு ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. வாழ்க்கைப்பட்டது அகரத்தில். கணவர் செல்வக்குமார் சின்ன லோடு வண்டி வைத்துத் தேங்காய் ஏற்றி அனுப்புகிறவர். சொந்தத்துக்குள் கல்யாணம். செல்வக்குமாரின் அம்மா சுகந்திக்கு அப்பாவின் கூடப்பிறந்த அக்கா.

முதலில் போன் செய்தது சுகந்தி. வணக்கம்கூட இல்லை.

"நீங்க யாரு பக்கம் பேசுவீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க."

"ரெண்டு பேர் பக்கமும் இல்லம்மா. உங்க கல்யாணத்துப் பக்கம்."

"கல்யாணத்துப் பக்கம்னா? அதக் காப்பாத்துறேன்னு எங்க ரெண்டு பேரையும் போட்டு மிதிப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஆலோசகரைத் தேடி வருகிறவர் ஏற்கெனவே பல படிகள் ஏறி இறங்கியவர் என்பதை மறக்காதீர்கள். சுகந்தி தாய்மாமன் தலைமையில் நடந்த பேச்சுவார்த்தையைப் பார்த்திருந்தார். அதில் அவரைத் தவிர எல்லோரும் பேசினார்கள். ஜோசியரைப் பார்த்திருந்தார். போனில் முகம் பார்த்துப் பேசும் ஆலோசகர் ஒருவர், தினமும் ஒருவரை ஒருவர் மூன்று முறை பாராட்டச் சொன்னாராம். "பாராட்டுனேன் மேடம். என்ன வேணும் ஒனக்குன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அவர் என்னை விசாரித்தது எனக்குப் பிடித்திருந்தது. என்ன படித்தீர்கள், இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பார்ப்பீர்களா, தனித்தனியாகவா, எங்கள் பேச்சு வெளியே போகுமா, சரிப்பட்டு வரவில்லை என்றால் நேராகச் சொல்வீர்களா. உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். கேட்கத் தெரிந்தவருக்குத்தான் இன்னும் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது.

நானும் ஒரு கேள்வி கேட்டேன். அவர் அடிப்பாரா, அவரைப் பார்த்தால் பயமா என்று. இதை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே அறையில் எதிரெதிரே உட்காரவைக்கவே கூடாது. பயந்துபோன ஒருவரைப் பயமுறுத்துகிறவர் எதிரே நாமே கொண்டுபோய் உட்காரவைப்பதற்குப் பெயர் சிகிச்சை இல்லை.

"அடிக்கெல்லாம் மாட்டாரு. அடிச்சாக்கூட எதுக்குனு கேக்கலாம். என் மூஞ்சியவே பாக்க மாட்டாரு மேடம். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. நான் பேச ஆரம்பிச்சா வண்டிச் சாவிய எடுத்துருவாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "திருப்பூர்ல என் தம்பி ஒரு லேப்ல வேலை சொல்லி வச்சுருக்கான். ரூமும் பாத்துட்டான். ஒரே ஒரு தடவ உங்ககிட்ட வாரோம். சரிவரலன்னா அப்பிடியே பஸ் ஏறிருவேன். போனா வர மாட்டேன். அதயும் சொல்லிர்றேன்."

ஒரே ஒரு தடவை. செல்வக்குமாரிடமும் போனில் தனியாக அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, மதியம் முழுவதையும் அவர்களுக்கு ஒதுக்கினேன். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். கீழிருந்து சீரகச் சம்பா வாசனை ஏறி வரும் நேரத்தில், பசித்த வயிற்றோடு எந்தக் கணவன் மனைவியையும் உட்காரவைக்காதீர்கள். பசியும் கோபமும் உடம்பில் ஒரே கதவு வழியாகத்தான் வரும்.

நம் அறையின் இரண்டு நாற்காலிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அடியில் சக்கரம் வைத்து உருள்பவை. செல்வக்குமார் உட்கார்ந்ததும் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"வீல் சேர்ல உக்கார வச்சுட்டீங்களே மேடம். அம்புட்டு மோசமாவா இருக்கோம்?"

நல்ல மனிதர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நல்ல மனிதர்களோடுதான் நம் வேலை கஷ்டம்.

சக்கரம் ஏன் என்று கேட்டார். சொன்னேன். "உங்க வாய் சொல்றதவிட நாற்காலி உண்மையச் சொல்லும். பிடிக்கலன்னா பின்னால போகும். பிடிச்சா முன்னால வரும். அத வச்சுத்தான் எனக்குத் தெரியும்."

இருவரையும் முழங்கால் முட்டும் தூரத்தில் எதிரெதிரே கொண்டுவந்தேன். "பேச வேணாம். முகத்த மட்டும் பாருங்க" என்றேன்.

அரை நிமிடம் தாங்கவில்லை.

"எப்பிடி மொறைக்கிறா பாருங்க மேடம்."

"யாரு மொறைக்கிறது? நீதான் மச்சான் மொறைக்கிற."

"நான் பாக்குறேன். நீ மொறைக்கிற."

செல்வக்குமாரின் நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

இந்த முறையை வெளியூரில் கற்றுக்கொண்டுவந்து இங்கே செய்கிறோம். எதிரெதிரே உட்கார், கண்ணைப் பார் என்று அது சொல்கிறது. சொன்னவர்களுக்கு நம் 'முறை' தெரியாது. சுகந்தி வயதுக்கு வந்த நாளிலிருந்து, செல்வக்குமார் அவருக்கு முறை மாப்பிள்ளை. முறை இருப்பதாலேயே நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். வாசலில் அவர் வந்தால் இவர் உள்ளே போய்விட வேண்டும். மீறிப் பார்த்தால் அதற்குப் பெயர் முறைப்பு. பெரியவர்கள் திட்டும்போது பார்த்தால் முறைப்பு, வாத்தியாரைப் பார்த்தால் முறைப்பு, வரப்புச் சண்டையில் பங்காளியைப் பார்த்தால் முறைப்பு. அன்பாக நேருக்கு நேர் பார்ப்பதற்கு அந்த வீடுகளில் ஒரு சொல்லே இல்லை. சொல் இல்லாத இடத்தில் உடம்பு என்ன செய்யும்? சண்டைக்குத் தயாராகும். அல்லது சாவியை எடுக்கும்.

எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது. வேலை சிக்கும்போதெல்லாம் என் வலது கால் தானாக ஆடும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெண்மணி கறாரானவர். முதல் வாரத்திலேயே சொன்னார்: "அறையில் ரெண்டு உடம்பு இல்லை, மூணு. உன் கால் ஆடுற வரைக்கும் அவங்க நெஞ்சு அடங்காது." காலை அழுத்தி ஊன்றினேன். மூச்சை விட்டேன். பிறகு பேசினேன்.

"செல்வக்குமார், இப்போ உங்க உடம்புல எங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல."

"காது சிவந்திருக்கு."

தொட்டுப் பார்த்தார். "ஆமா, சுடுது."

"நீங்க யோசிக்கிறதுக்கு முன்னாடியே, மூளைக்குள்ள பழசா ஒரு இடம் இருக்கு. அது ஆபத்து வருதா வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். முகம், குரல், மூச்சு இத மட்டும்தான் அது பாக்கும். வார்த்தைய விசாரிக்க அதுக்கு நேரம் கிடையாது. அது முதல்ல மணி அடிச்சிரும். காரணத்த நீங்க பின்னாடி தேடுவீங்க."

"அப்ப என் மண்டைக்குள்ள ஒரு வாட்ச்மேன் உக்காந்துருக்கான்கிறீங்க."

"ஆமா. ரொம்ப விசுவாசமான வாட்ச்மேன். ஆனா கண்ணு அம்புட்டாத் தெரியாது. திருடன் வந்தாலும் விசில், வீட்டுக்காரம்மா வந்தாலும் விசில்."

சுகந்தி முதல்முறையாகச் சிரித்தார். "இவரு வாட்ச்மேன் என்னயப் பாத்தா மட்டும்தான் மேடம் விசில் அடிக்கிறான்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு செல்வக்குமார் எச்சில் விழுங்கினார். காதின் சிவப்பு ஒரே நொடியில் வடிந்து, உதட்டோரம் வெளுத்தது. இந்த வேலையில் நீங்கள் எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். சிவப்பு வேறு, வெளுப்பு வேறு. சிவந்தால் கோபம். வெளுத்தால் பயம். சுகந்தி ஒரு வருடமாகக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை. இந்த மனிதர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்.

ஏன் என்று கேட்டிருந்தால் சாவியை எடுத்திருப்பார். கை ஏற்கெனவே சட்டைப்பையில் இருந்தது. புத்தகத்தில் உள்ளபடி இன்னொரு முறை முகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தால் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருப்பார். கேள்வியை மாற்றினேன்.

"நல்லா இருந்த காலத்துல நீங்க ரெண்டு பேரும் எங்க வச்சுப் பேசுவீங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "வண்டியில."

காலையில் அகரத்திலிருந்து லேப் வரை. சாயங்காலம் திரும்ப. வீட்டில் அத்தை, சித்தப்பா, வருகிறவர் போகிறவர். பைக்கில் மட்டும்தான் அவர்கள் இருவர். அவர் முன்னால், இவர் பின்னால் ஒருக்களித்து. கல்யாண வாழ்க்கையின் அத்தனை பேச்சையும் சுகந்தி ஒரு பிடரியிடம் பேசியிருக்கிறார்.

எழுந்தேன். நாற்காலிகளைத் திருப்பினேன். அவர் முன்னால், அவர் முதுகுக்குப் பின்னால் சுகந்தி. "வண்டியில போற மாதிரி உக்காருங்க."

"என்ன மேடம் இது, சின்னப்புள்ளைக வெளையாட்டு மாதிரி" என்றபடியே உட்கார்ந்தார் சுகந்தி. உட்கார்ந்ததும் அவருடைய உடம்பு அவரைக் கேட்காமலே பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. வலது கை உயர்ந்து செல்வக்குமாரின் தோளுக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. தொடவில்லை. இறக்கவும் இல்லை.

செல்வக்குமார் தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்தார். எதையோ தேடுகிறவர் மாதிரி.

"அங்க என்ன இருக்கும்?" என்றேன்.

சுகந்திதான் அந்தப் பிடரியிடம் சொன்னார். "கண்ணாடி. இடது பக்கக் கண்ணாடிய என் மூஞ்சி தெரியுற மாதிரி திருப்பி வச்சுருப்பாரு. ரோட்டப் பாரு மச்சான்னு திட்டுவேன். ஒரு நாள் பாக்குறேன், அந்தக் கண்ணாடி ரோட்டுப் பக்கமாத் திரும்பிக் கெடக்கு. அன்னைலருந்து என்னயப் பாக்கல. நானும் கேக்கல. எனக்குத் தெரியும் எந்த நாள்னு."

"எந்த நாள்?" என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு என் இரண்டு கால்களையும் தரையில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

செல்வக்குமார் சுவரைப் பார்த்தபடி பேசினார். முன்னால் ரோடு இருப்பதுபோல.

"மொத தடவ நின்னுச்சு மேடம். அதான், அவளுக்கு நாள் தள்ளிப் போச்சு. அவ லேப்லயே பாத்துட்டு வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா. வீட்டுல பெறகு சொல்லிக்கலாம்னு இருந்தோம். ஒரு நாள் காலைல ரத்தமாப் போகுதுன்னா. லோடு வண்டி இல்ல, வெளிய போயிருந்துச்சு. பைக்லதான் கூட்டிப் போனேன். மெல்லப் போ மச்சான்னா. மெல்லப் போனா நேரமாயிரும்னு நான் முறுக்குனேன். ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியப் பாத்தேன். அந்த மூஞ்சி..."

நிறுத்தினார்.

"அந்த மூஞ்சிதான் மேடம் இப்பவும் தெரியுது. அவ சிரிச்சாலும் அதான் தெரியுது. சோறு போடும்போது நிமிந்து பாத்தா அதான். நான் மெல்லப் போயிருந்தா..."

"மச்சான்."

"நான் மெல்லப் போயிருந்தா தங்கிருக்கும்."

"மச்சான், கூறுகெட்டதனமாப் பேசாத. வண்டி குலுங்குனதுக்கு யாருக்காச்சும் கலையுமா? அது மொதல்லயே சரியா வளரல. டாக்டரம்மா அன்னைக்கே தெளிவாச் சொன்னாகள்ல?"

"எப்பச் சொன்னாக?"

"உள்ள வச்சு."

"நான் எங்க உள்ள வந்தேன்? ஆம்பளைக வெளிய நில்லுன்னாக. நின்னேன்."

சுகந்தியின் வாய் திறந்தபடி இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கதவு சாத்தப்பட்டபோது உள்ளே இருந்தவருக்குச் சொல்லப்பட்டது வெளியே நின்றவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவரும் கேட்டிருப்பார் என்று சுகந்தி இருந்தார். தன்மேல்தான் குற்றம் என்று சுகந்தியும் நினைப்பதாக செல்வக்குமார் இருந்தார். வெளியே நிற்கச் சொன்ன இடத்திலேயே அந்த மனிதர் இத்தனை நாளும் நின்றுகொண்டிருந்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" சுகந்தியின் குரல் உடைந்தது. "ரத்தத்தோட பாத்ததுல அருவருப்பு வந்துருச்சுன்னு நெனச்சேன். என்னயத் தொடவே உனக்குப் பிடிக்கலன்னு."

தோளுக்கு மேலே நின்ற கை கீழே இறங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு விரல்கடைதான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டியவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையில் கோயில் பிரசாதக் கூடை, நெற்றி நிறையக் குங்குமம். செல்வக்குமாரின் அம்மா.

"பேரு சொல்லி அர்ச்சன பண்ணிட்டு அப்பிடியே வந்துட்டேன். கும்புடுறேன் டாக்டரம்மா. ஸ்கேன் பாத்தாச்சா? யாருக்குக் கொறன்னு தெரிஞ்சுச்சா? எதாருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க, நான் தாங்கிக்கிருவேன்." பிறகுதான் நாற்காலிகளைப் பார்த்தார். "ஏலே, இதென்னடா பஸ்ஸுல உக்காந்த மாதிரி உக்காந்துருக்கீக?"

சுகந்தியின் கை மடிக்குத் திரும்பிவிட்டது. முகம் கல்லானது. சொல்ல எத்தனை பதில்கள் இருந்தன தெரியுமா? "ஸ்கேன் நாளைக்கு" என்று பொய் சொல்லி அந்த அம்மாவை அனுப்பிவிடலாம். பொய்க்கு நானும் ஒரு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். "இது அந்த ஆஸ்பத்திரி இல்லைம்மா" என்று உண்மையைச் சொல்லலாம். அவர்கள் பிடித்திருந்த குடையை நான் பிடுங்கிய மாதிரி ஆகும். "வெளியே இருங்கம்மா" என்று நான் சொல்லலாம். அது எல்லாவற்றிலும் எளிது. என் அறை, என் அதிகாரம். ஆனால் அந்த வீட்டில் எப்போதும் மற்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். இன்றைக்கும் ஒரு மூன்றாம் ஆள் முடிவு செய்தால், அந்த ஆள் நானாக இருந்தாலும், சுகந்தி பஸ் ஏறிவிடுவார்.

"அம்மா, நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. சொல்ல வேண்டியது இவங்க ரெண்டு பேரும்தான்" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பது என்னைப் போன்றவளுக்கு எத்தனை பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியும். செய்தேன்.

செல்வக்குமார் எழுந்தார். சாவிக்கொத்து சத்தம் போட்டது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அதுதான் தோன்றியது, போகிறார் என்று.

கதவு வரை போனார். அம்மாவின் கையைப் பிடித்தார்.

"ஆத்தா, செத்த நேரம் வெளிய உக்காரு."

"ஏன்டா?"

"நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

"என்னய வச்சுக்கிட்டுப் பேச முடியாத பேச்சு என்னடா பேச்சு?"

"அவட்டக் கேட்டுட்டு ஒங்கிட்டச் சொல்றேன். மொதல்ல அவட்டக் கேட்டுக்கிறேன்."

அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். அவர் உள்பக்கம் நின்றார்.

அவராக நாற்காலியைத் திருப்பிப் போட்டார். சுகந்திக்கு எதிரே உட்கார்ந்தார். பார்த்தார். உதடு வெளுத்தது. மூச்சு மேலேறியது. நாற்காலி பின்னால் நகரப் பார்த்தது. காலை ஊன்றி நிறுத்திக்கொண்டார்.

"இப்ப என்ன தெரியுது?" என்றார் சுகந்தி மெதுவாக.

"அந்த மூஞ்சிதான்."

"நல்லாப் பாரு. வலிக்குதா எனக்கு இப்ப?"

"...இல்ல."

"ரத்தம் போகுதா?"

"இல்ல."

"பெறகென்ன. பாரு."

பார்த்தார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் பாறையைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். சில நேரம் நம் கண்ணும் அறையில் அதிகம்தான். கீழே டவுன் பஸ் ஹாரன், பிரியாணிக் கடையில் அண்டாவைச் சுரண்டும் சத்தம். திரும்பியபோது செல்வக்குமாரின் தோள் இறங்கியிருந்தது. உதட்டுக்கு நிறம் வந்திருந்தது. ஒருவர் உடம்பின் பதற்றத்தை இன்னொருவரின் முகம் அடக்க முடியும் என்பதுதான் நம் முறையின் மொத்தச் சாரம். பாடமாக எத்தனை முறை கேட்டாலும், நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்த்திருக்கிறது.

"ஆத்தாட்டச் சொல்லிரவா?" என்றார் அவர்.

"நீ வேணாம். நான் சொல்றேன். நீ பக்கத்துல இரு. அம்புட்டுத்தான்."

அத்தையை உள்ளே கூப்பிட்டார்கள். நான் எழுந்து என் நாற்காலியைக் காட்டினேன். அதற்கும் சக்கரம் உண்டு என்பதை அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. அவர் உட்கார, அது உருள, "அடி ஆத்தி, ஓடுதுடி இது!" என்று அலறினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்தினார்கள். அந்தப் பிடி விடவே இல்லை. அப்படியே சொன்னார் சுகந்தி. நின்றதையும் போனதையும்.

அந்த அம்மா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்தபடி யார் குறை என்று கேட்கவில்லை. கேட்டது வேறு.

"மறுநா காலைல வாசத் தெளிச்சியேடி. கோலம் போட்டியே. ஒடம்பு அம்புட்டு முடியாமப் போயும் குனிஞ்சு போட்டியா?"

"போட்டேன் அத்த."

"என் தம்பி மகள நான் குனிய விட்டேனா?" என்றார். கூடையை இறக்கித் தரையில் வைத்தார். கடைசியில் மகனைப் பார்த்து, "நீ அழுதியாடா?" என்று கேட்டார். செல்வக்குமார் இல்லை என்று தலையாட்டினார். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே அழுதார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு மதியத்தில் அப்படி எதுவும் சரியாகாது. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். உடம்பு பழகிய பயம் திரும்பத் திரும்ப வரும். பிறகு பல முறை வந்தார்கள், சில முறை சண்டையோடே வந்தார்கள். ஆனால் அன்றைக்கு அங்கே கேள்வி ஒன்றுதான், திருப்பூர் பஸ்ஸா, வீடா என்று. சுகந்தி என் முன்னாலேயே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏலே, நான்தான். வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கிறச் சொல்லு... ஒண்ணும் ஆகல... யாரும் மெரட்டல. நானாத்தான் சொல்றேன்... ஆமாலே, நானாத்தான்."

சொல்லும்போது அவருடைய மூச்சைப் பார்த்தேன். வயிற்றிலிருந்து வந்தது. பயந்து சொல்கிற சம்மதம் நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும். அதையும் கவனிக்கப் பழகுங்கள்.

அத்தை முதலில் இறங்கிப் போய்விட்டார். நம் மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். செல்வக்குமார் இறங்கத் தொடங்கினார், பின்னால் சுகந்தி. நாலைந்து படி போனதும் அவர் சுகந்தியைப் பார்க்கத் திரும்பினார். முகம் மேலே பார்க்க, முதுகு கீழே பார்க்க, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினார். கீழிருந்து ஏறி வந்த பிரியாணிக் கடைப் பையன்கள் இரண்டு பேர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள்.

"விழுந்து தொலையப் போற மச்சான்" என்று சுகந்தி அதட்டினார். "பாத்து எறங்கு."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் அவர்.